முகப்பில ஒரு ஆடு போதும்

ஒரு கேமை இரண்டு வருசம் செய்துபோட்டு, அதின்ர முகப்புப் படத்தை இரண்டு மணித்தியாலத்தில் முடிக்கிற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்கிறது. கோடிங் செய்தவரே ஏதாவது ஒரு ஸ்கிரீன்ஷொட்டை எடுப்பார், அதுக்கு மேல பெரிய எழுத்தில் பெயரைப் போடுவார், ஓரத்தில் கொஞ்சம் நெருப்பு, கொஞ்சம் புகை. முடிஞ்சுது. பிறகு ஒருத்தரும் விளையாடவில்லை எண்டு கவலைப்படுவார்.

இதைக் கேமை வடிவாச் செய்யாத ஆளின்ர தோல்வி எண்டு நான் பார்க்கவில்லை. அந்தக் கேமை ஒருத்தரும் திறந்தே பார்க்கவில்லையே! வாசலில் வைத்த படம் ஆக்களைக் கூப்பிடவில்லை. நான் கலைப்பீடத்தில் படிக்கிறவள். கோடிங் பற்றிக் கதைக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் படம் பற்றிக் கதைக்கலாம் எண்டு நினைக்கிறேன். படம் எங்கட பாடம்.

முதலில் இடத்தின் அளவைச் சொல்லுறன். ஸ்டீம் கடையில் 2024இல் மட்டும் 18,000க்கு மேற்பட்ட கேம்கள் வந்தன. அதுக்குள்ள உங்கட கேம் ஒரு சின்னச் செவ்வகம். 'கப்ஸ்யூல்' எண்டு சொல்லுறார்கள். நீங்கள் பெரிய படமாகக் கீறிக் குடுத்தாலும், தேடல் பட்டியல் மாதிரியான இடங்களில் அது 120க்கு 45 பிக்சல் வரைக்கும் சுருங்கும். சிவகாசித் தீப்பெட்டி லேபிளை விடச் சின்னது. இட்ச் தளத்தில் 630க்கு 500 எண்டு கொஞ்சம் தாராளம். அங்க கேம் ஏற்றக் காசும் கேட்கமாட்டார்கள். ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டொலர். டொலர் 300 ரூபா எண்டு வைத்தாலே 30,000. மகாபொல மாதம் 5,000 ரூபா வந்த காலக் கணக்கில் அது ஆறு மாதக் காசு. அவ்வளவு குடுத்து வாங்கிற இடத்தில் நெருப்பும் புகையும் போடுறதோ?

ஸ்டீம் 2022 செப்டெம்பர் 1இல் இருந்து ஒரு விதி வைத்திருக்கிறது. கப்ஸ்யூலில் கேமின்ர படம், கேமின்ர பெயர், உபதலைப்பு இருந்தால் அது, இவ்வளவும்தான் இருக்கலாம். விமர்சகர் குடுத்த புள்ளி, வாங்கின விருது, 'அரைவிலை' எண்ட அறிவிப்பு ஒண்டும் போடேலாது. நிறையப் பேர் இந்த விதியைத் திட்டினார்கள். எனக்கு இது நல்ல விதியாகத்தான் படுகிறது. காசுக்காரக் கம்பனிக்கும் தனியாக இருந்து கேம் செய்யிற பெடியனுக்கும் அந்தச் செவ்வகத்துக்குள்ள இருக்கிறது ஒரே ஆயுதம். படமும் பெயரும்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த ஆக்களுக்கு இந்தப் பிரச்சினை புதிசில்லை. உட்துறைமுக வீதியால் போகேக்க நிற்கிற கப்பல்களைப் பாருங்கள். அதில் பறக்கிற சமிக்ஞைக் கொடிகளுக்கு 1857இலேயே பிரித்தானியர் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். அது வளர்ந்துதான் இண்டைக்கு உலகம் முழுக்கப் பாவிக்கிற முறையாகியிருக்கிறது. இங்கிலிஷ் எழுத்து 26க்கும் 26 கொடி. ஆனால் நிறம் ஐந்துதான்: சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை. பச்சை இல்லை, ஊதா இல்லை. கடலில் தூரத்தில் நின்று, மங்கின வெளிச்சத்தில் பார்த்தாலும் ஒண்டையொண்டு குழப்பாத நிறங்கள் வேணும். சிவப்பும் மஞ்சளும் மூலைவாட்டாகப் பிரிந்த கொடி எண்டால் ஆள் கடலில் விழுந்திட்டார் எண்டு அர்த்தம். அதைப் பார்த்து விளங்கிக்கொள்ள ஒருத்தனுக்கு இருக்கிற நேரம் கொஞ்சம், பிழைத்தால் ஒரு உயிர். அந்தக் கொடியில் வடிவுக்கு ஒரு பூ கீறியிருந்தால் எப்படி இருக்கும்?

போனில் விரலால் தள்ளிக்கொண்டு போற ஒரு ஆளும் தூரத்தில் போற கப்பல் மாதிரித்தான். உங்கட படத்துக்கு அவர் தருகிறது ஒரு செக்கனும் இல்லை.

இந்த வேலையைத் தமிழில் ஒருத்தரும் முன்பு செய்யவில்லை எண்டும் இல்லை. முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கினது. பெட்டிக்கடையில் கயிற்றில் கொழுவி வைத்திருக்கிற புத்தகம், பத்து மற்றப் புத்தகங்களுக்கு நடுவில் தெரியவேணும். அந்தக் கை ஒண்டே போதுமாக இருந்தது. எங்கட நாட்டிலும் 1970களில் வீரகேசரி பிரசுரம் மலிவு விலையில் நாவல்கள் போட்டது. திருகோணமலை எழுத்தாளர் ந. பாலேஸ்வரியின்ர நாவலும் அந்த வரிசையில் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆளை நிறுத்துறதுக்கு அந்த அட்டைகளுக்கும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அம்மம்மாமாரிட்ட கேட்டுப் பாருங்கள். கதை மறந்திருக்கும், அட்டை ஞாபகம் இருக்கும்.

நல்ல முகப்பு என்ன செய்யும் எண்டு கேட்டால் நான் 'அன்டைட்டில்ட் கூஸ் கேம்' எண்ட 2019ஆம் ஆண்டுக் கேமைத்தான் காட்டுவேன். ஒரு வெள்ளை வாத்து. அது ஊர்ச் சனத்துக்குத் தொல்லை குடுக்கிறதுதான் கேம். அந்த வாத்தின்ர உருவத்தை எவ்வளவு சுருக்கினாலும் அது வாத்துத்தான். 'ஹொலோ நைட்' பாருங்கள்: வெள்ளை முகமூடி, இரண்டு கொம்பு, சுற்றிலும் இருட்டு. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரியும். இரண்டிலும் ஒரு உருவம், ஒரு நிலைமை. வேற ஒண்டும் இல்லை.

இதுக்கு எதிர்ப்பக்கக் கதை 'ஐகோ'. 2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த கேம். அதை வடிவமைத்த ஃபுமிட்டோ உவேடா தானே ஒரு படம் கீறினார். இத்தாலி ஓவியர் டி கிரிக்கோவின்ர பாணியில், நீள நிழல்கள், பெரிய வெறுமை, அதுக்குள்ள ஓடுற இரண்டு சின்ன உருவங்கள். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அந்தப் படத்தோடு வந்தது. அமெரிக்காவில் மட்டும் அதை விட்டிட்டு, பெடியனின்ர முகத்தைப் பெரிசாப் போட்டு ஒரு சாதாரண அட்டை செய்தார்கள். இண்டைக்கும் 'மோசமான கேம் அட்டைகள்' எண்டு யாரும் பட்டியல் போட்டால் அது கட்டாயம் வரும். வியாபாரம் தெரிந்தவர்கள் செய்த அட்டை தோற்றது, கேம் செய்தவர் கீறினது நிலைத்தது. ஆனால் இதை வைத்து 'கலைஞன் சொல்லுறதே சரி' எண்டு முடிக்கவும் ஏலாது. உவேடாவின்ர படம் ஒரு பெட்டியின் அளவுக்குக் கீறினது. அந்த இரண்டு உருவங்களும் 120 பிக்சலில் இரண்டு தூசி.

இனி எங்கட ஊர்க் கதைக்கு வாறேன். என்ர நண்பன் ஒருத்தன் ஒரு சின்னக் கேம் செய்யிறான். மூதூர் லோஞ்ச் பற்றினது. கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்கும் மூதூருக்கும் ஓடின பயணிகள் லோஞ்ச். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, பிறகு மற்றப் பாலங்களும் வந்து, தரைப்பாதை லேசாகின பிறகு, லோஞ்சை நம்பியிருந்த காலம் மெல்ல மெல்லப் போயிட்டுது. கேமில் நீங்கள் ஜெட்டியில் நிற்கிறீர்கள். நெல் மூட்டை, தயிர்ச் சட்டி, சைக்கிள், ஆடு, ஆசுபத்திரிக்குப் போற ஒரு வயசான அம்மா, கலியாண வீட்டுக் கூட்டம். எல்லாரையும் எல்லாத்தையும் லோஞ்ச் சரியாதபடி ஏற்றவேணும். அவ்வளவுதான். நல்ல யோசனை எண்டு நினைக்கிறேன்.

அவன் கீறுவித்த முதல் முகப்பில் இருந்தவை: சுவாமி மலையும் கோணேசர் கோயிலும், கோட்டை வாசல், ஒரு மான், ஒரு பனை, சூரிய அஸ்தமனம், புறாத்தீவுப் பக்கத்துப் பவளப்பாறை, ஒரு மூலையில் லோஞ்ச். சுற்றுலாச் சபைக்கு அனுப்பியிருந்தால் பரிசு கிடைச்சிருக்கும். சூரியன் கிழக்குக் கடற்கரையில் கடலுக்குள்ள மறையுமோ எண்டு நான் கேட்டதுக்கு அவனுக்குக் கோபம்.

சிரிப்பாக இருந்தாலும், இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கட ஊர் எங்கயும் வருகிறதில்லை. கேம்களில் லண்டன் வரும், நியூயோர்க் வரும், டோக்கியோ வரும். திருகோணமலை எங்க வருகிறது? அதனால் ஒரு வாய்ப்புக் கிடைச்சவுடன எல்லாத்தையும் காட்டவேணும் எண்ட அவதி. வெளிநாட்டுப் பிள்ளை தன்ர ஊரைக் கீறேக்க அந்த அவதி இல்லாமல் ஒரு வாத்தை மட்டும் கீறலாம். எங்களுக்கு அந்தச் சுகம் இல்லை. விளங்குது. ஆனால் பார்க்கிறவனுக்கு எங்கட அவதி தெரியாது. அவனுக்குத் தெரிவது ஒரு கலங்கின படம்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, அது மானையும் பனையையும் விட மோசம். 'இலங்கைத் தமிழர் செய்த கேம்' எண்டு சொன்னவுடன வெளியில் இருக்கிறவர் ஒரு படத்தை எதிர்பார்க்கிறார். முட்கம்பி, சோதனைச்சாவடி, எரிஞ்ச வீடு, அழுகிற தாய். அதைப் போட்டால் கவனம் கிடைக்கும், எழுதவும் செய்வார்கள். மூதூர் 2006இல் பட்டது என்ன எண்டு எங்கட வீடுகளில் தெரியும். அதைப் பற்றி ஒருத்தன் கேம் செய்தால் நான் முதல் ஆளாக விளையாடுவேன். ஆனால் தயிர்ச் சட்டி ஏற்றுற கேமுக்கு முட்கம்பியை முகப்பாக வைக்கிறது, எங்கட சனத்தின் துயரத்தை விளம்பரப் பலகையாகப் பாவிக்கிறது. நண்பனுக்கு அப்படி ஒரு ஆலோசனை வந்தது. நல்லெண்ணத்தோடதான் சொன்னார்கள். அவன் மறுத்தான், அதுக்கு அவனை மெச்சுறேன்.

'வெண்பா' இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு தைரியம். டொரோண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் செய்தது, 2023 ஜூலை 31இல் வந்தது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், பழுதாய்ப்போன ஒரு சமையல் கொப்பி, அதில் அழிஞ்ச இடங்களை ஊகித்துச் சமைக்கிறது. கேமின்ர பெயர் ஒரு யாப்பின்ர பெயர், அந்தத் தாயின்ர பெயரும் அதுதான். அவர்கள் முன்னுக்கு வைத்தது சமையலையும் அந்தத் தாயையும். தமிழர் எண்டு நிரூபிக்கக் கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அடுத்த வருசம் ஐஜிஎஃப் பெரும்பரிசும், பிரித்தானிய பஃப்டாவின் அறிமுகக் கேம் விருதும் அதுக்குக் கிடைச்சது. ஒரு இட்டலிச் சட்டி எங்க இருந்து வந்தது எண்டு விளங்கப்படுத்தாமலே உலகம் விளையாடினது.

சரி, மானை எடுத்தாச்சு, பனையை எடுத்தாச்சு. என்ன போடுறது? இங்கதான் எங்களுக்குள்ள உண்மையான சண்டை வந்தது. 'முகப்பில் விளையாடுறவர் செய்யிற வேலை தெரியவேணும்' எண்டு அவனுக்குச் சொல்லிச் சொல்லிக் களைச்சது நான்தான். அவன் அதைப் பிடிச்சுக்கொண்டு ஒரு படம் கொண்டுவந்தான். லோஞ்ச் ஒரு பக்கம் சரிஞ்சு நிற்குது, மூட்டைகளும் ஆடும் ஆக்களும் வழுக்கிக் கடலுக்குள்ள விழுகினம், எல்லாற்ற முகத்திலயும் பகிடியான பயம். வரைதல் கணக்கில் அருமையான படம். மூலைவாட்டுக் கோடு ஒண்டு, உடனே கண்ணைப் பிடிக்குது. எந்தப் பாடப்புத்தகமும் இதைத்தான் போடச் சொல்லும்.

2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில் என்ன நடந்தது எண்டு இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பாலவேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் ஓடின படகுப்பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் செத்தார்கள். வெள்ளைச் சீருடைப் படங்கள் எல்லாற்ற போனிலும் வந்தது. அதுக்குப் பிறகு, கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் பக்கத்தில் இருந்துகொண்டு, படகு சரிஞ்சு ஆக்கள் விழுகிற படத்தைப் பகிடியாகப் போடலாமோ?

நண்பனின்ர நியாயம் இதுதான்: கேம் அந்தச் சம்பவம் பற்றினது இல்லை, கேமுக்குள்ள ஒருத்தரும் சாகிறதில்லை, சரிஞ்சால் திரும்ப ஏற்றலாம், ஒஸ்லோவில் இருந்து பார்க்கிறவருக்குக் குறிஞ்சாக்கேணி தெரியவும் தெரியாது. எல்லாம் சரிதான். ஆனால் முகப்புப் படத்துக்கு ஒரு குணம் இருக்கிறது. கேமுக்குள்ள நடக்கிறதை விளையாடுறவர் தானாகத் தெரிவு செய்து உள்ள வந்து பார்க்கிறார். முகப்பு அப்படியில்லை, கேட்காத ஆளுக்கு முன்னாலயும் வந்து நிற்கும். ஊரில் ஆராவது பெருமையாக வாட்சப்பில் பகிர்வார்கள், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கும் அது போய்ச் சேரும். ஒஸ்லோக்காரருக்குத் தெரியாது எண்டது, கிண்ணியாத் தாய்க்கு முன்னால ஒரு நியாயமில்லை. இதைத் தணிக்கை எண்டு சொல்லுறவர்கள் இருப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆருக்கு முன்னால என்ன கதைக்கிறோம் எண்டு பார்த்துக் கதைக்கிறது செத்தவீட்டில் எல்லாரும் செய்யிற வேலைதானே.

கடைசியில் வந்தது, விழுகிறதுக்கு முந்தின கணம் இல்லை, ஏற்றுறதுக்கு முந்தின கணம். லோஞ்ச் நேராக, அமைதியாக நிற்குது. அதின்ர கூரையில் ஏற்கெனவே ஒரு ஆடு ஏறி நிற்குது, எங்களைத் திரும்பிப் பார்க்குது. இனி எங்க மற்றதுகளை வைக்கப்போறீர்கள் எண்டு கேட்கிற மாதிரி. மஞ்சள் பின்னணி, நீல லோஞ்ச், கறுத்த ஆடு. கொடிகளின்ர நிறங்கள்தான். சைக்கிளும் ஒண்டு வைத்துப் பார்த்தோம், சின்னதாக்கினவுடன சில்லுகளின் மெல்லிய கோடு காணாமல் போச்சு. ஆட்டின்ர காதும் தாடியும் காணாமல் போகவில்லை. போனைக் கையை நீட்டிப் பிடிச்சுக்கொண்டு, பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றி, பிறகு வேற இருபது கேம்களின்ர படத்துக்கு நடுவில் வைத்துப் பார்த்தோம். நீங்களும் இதைச் செய்யுங்கள். செலவு இல்லை.

இதைக் கீறினது ஒரு தங்கச்சி. அவவுக்குக் காசு குடுக்கவேணும் எண்டது என்ர அடுத்த பிடிவாதம். 'ஒரு படம்தானே' எண்டு கேட்கிறது எங்கட ஊரில் சாதாரணம். கலியாணக் காட் அடிக்க, கடைக்குப் போட் எழுத, கோயில் திருவிழாவுக்குப் பனர் செய்யக் காசு குடுக்கிற ஆக்களே, கேம் எண்டவுடன 'பெயர் வரும் தங்கச்சி' எண்டு சொல்லுகினம். பெயரைக் கொண்டுபோய்க் கடையில் குடுத்துப் பாண் வாங்கேலாது. சரி, ஏஐயிட்ட கேட்டால் சும்மா கீறித் தருமே எண்டு சிலர் சொல்லலாம். கேட்டுப் பார்த்தோம். மூதூர் லோஞ்ச் எண்டு எவ்வளவு விளங்கப்படுத்தியும் கேரளத்து வீட்டுப் படகு மாதிரி ஒண்டுதான் வந்தது. ஸ்டீமும் 2024 ஜனவரியில் இருந்து ஏஐ பாவித்திருந்தால் அதை அறிவிக்கவேணும் எண்டு சொல்லுது. என்ர எதிர்ப்பு அந்த அறிவிப்புப் பற்றினது இல்லை. எங்கட லோஞ்ச் எப்படி இருந்தது எண்டு அந்த இயந்திரத்துக்குத் தெரியாது, ஏனெண்டால் நாங்கள் அதை இன்னும் போதுமான அளவு கீறவில்லை. அந்தத் தங்கச்சி தன்ர அப்பாவிட்ட கேட்டு, எந்த இடத்தில் வாங்கு இருந்தது, கூரைக்கு எப்படி ஏறினவை எண்டு குறிச்சுக்கொண்டு வந்து கீறினா.

இன்னும் தீராத பிரச்சினை பெயர். தமிழ் எழுத்தில் போடவேணும் எண்டு எனக்கு ஆசை. ஆனால் தமிழ் எழுத்துக்குச் சின்ன இடத்தில் வேற மாதிரிக் கஷ்டம். இங்கிலிஷில் பெரிய எழுத்தாகப் போட்டால் எல்லாம் ஒரே உயரம். எங்களுக்கு மேல விசிறி, கீழ சுழி, உச்சியில் புள்ளி. எழுத்தின்ர உடம்பைச் சின்னதாக்கித்தான் இதுகளுக்கு இடம் விடவேணும். புள்ளி முதலில் காணாமல் போகும். 'கடல்' எண்டு எழுதினது 'கடல' எண்டு நிற்கும், 'பல்' பல ஆகிவிடும். 'லோஞ்ச்' எண்ட ஒரு சொல்லுக்குள்ளயே கொம்பும் காலும் இரண்டு புள்ளியும். எங்கட சினிமா விளம்பரக்காரர் இதைக் கையால் எழுதித் தீர்த்தவர்கள்: புள்ளியைப் பெருப்பித்து, காலை நீட்டி, சில நேரம் புள்ளியையே ஒரு பொருளாக மாற்றி. கம்பியூட்டரில் கிடைக்கிற எழுத்துருவை அப்படியே போட்டால் அது வராது, ஒராள் இருந்து எழுதவேணும். ஸ்டீம் செயலியின் மொழித் தெரிவில் தமிழ் இல்லை எண்டதால், இரண்டு மொழிக்கு இரண்டு கப்ஸ்யூல் எண்ட வசதியும் எங்களுக்குக் கை குடுக்காது. ஒரே படத்தில் ஏதோ ஒண்டைத் தெரிவு செய்யவேணும். நண்பன் இங்கிலிஷ் எண்டுறான். நான் தமிழ் எண்டுறன். தங்கச்சி இப்ப புள்ளி இரண்டையும் ஆட்டின்ர கண்ணாகக் கீறிப் பார்க்கிறா, வந்தால் காட்டுறன் எண்டிருக்கிறா.